விளக்கமறியலில் ஒரு பால்பல்

"வாயை நல்லாத் திற பிள்ளை. இன்னும் கொஞ்சம். நான் கடிக்க மாட்டன், நீ கடிக்காம இருந்தாச் சரி."

வழக்கு முடியும்வரை பெண்களை அடைத்துவைக்கிற விளக்கமறியல் கட்டடத்தின் முற்றத்தில், வேப்பமர நிழலில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அந்தப் பிள்ளையை இருத்தியிருந்தேன். என் இடது கையில் காவல் உத்தியோகத்தர் சுமனாவின் டோர்ச். வலது கையில் அவருடைய தேநீர்க் கரண்டி. கைத்தொலைபேசியைக்கூட வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். பல் பார்க்கிற கண்ணாடிக்கு நான் எங்கே போவது? கரண்டியைச் சுடுதண்ணீரில் கழுவித் தரச் சொன்னேன். முறைத்துவிட்டுக் கழுவித் தந்தார்.

பிள்ளையின் வாய் கராம்பு மணத்தது. கீழ்த்தாடையின் கடைசியில் முரசு, பல்லைச் சுற்றியிருக்கிற சதை, வீங்கிச் சிவந்திருந்தது.

"மூணு நாளா இந்தப் புள்ளைக்குச் சோறு இறங்குதில்ல மிஸ். நான்தான் கராம்பு வெச்சுவிட்டேன்" என்றார் பின்னால் நின்ற ஜெஸீமா ராத்தா. கிண்ணியாக்காரி. என்ன வழக்கில் வந்தவர் என்று நான் கேட்டதில்லை. பிள்ளைக்குத் தலை இழுத்துவிடுவதும், தன் பாயில் பாதியைக் கொடுப்பதும் அவர்தான்.

சுமனாவும் எட்டிப் பார்த்தார். அவர் சிங்களவர்; ஆனால் எங்கள் துறைமுகப் பக்கம் வந்து பல வருடம். தமிழில் சண்டைபோடக்கூட வரும். "ஞானப்பல் தானே மிஸ்? பதினெட்டு வயசுக்கு அது வாறதுதானே. எனக்கும் இப்பிடித்தான் முகம் வீங்கினது."

பதிவேட்டில் வயது பதினெட்டு என்று இருந்தது. பிள்ளையும் என்னைவிட அரை அடி உயரம். நானும் ஞானப்பல் என்று நினைத்தபடிதான் நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு போனேன். ஆறாவது, ஆறு வயதில் முளைக்கிற கடைவாய்ப்பல். அது நன்றாக வளர்ந்து நின்றது. அதற்குப் பின்னால் முரசைக் கிழித்துக்கொண்டு பாதி வெளியே தெரிந்தது ஏழாவது. பன்னிரண்டு வயதையொட்டி வருகிற பல். எட்டாவதுதான் ஞானப்பல். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

மறுபடி எண்ணினேன். பிறகு கரண்டியால் கன்னத்தை ஒதுக்கி மேல்வரிசையைப் பார்த்தேன். இடப்பக்கம் ஒரு பல் கரண்டி பட்டதும் அசைந்தது. பால்பல்.

கரண்டியை எடுத்துவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாயைப் பார்த்தவள் நான். வளர்ந்த பெண்களோடு மறியலில் இருக்கிற இவளுக்கு இன்னும் பால்பல் விழவில்லை.

நோகேல்ல மிஸ்

போன கிழமை இந்தப் பத்திரிகைப் பத்தியில், ஒரு பள்ளிக்கூடத்தில் பல் பிடுங்கப் போய் நான் கடிவாங்கிய கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டுச் சாம்பல்தீவுச் சந்தியில் ஒருவர் என்னை மறித்து, "அந்தக் கடிச்சவன் நான்தான் மிஸ்" என்றார். நரைத்த மீசையோடு நின்றார். இன்னும் மூன்று பேர் அதே உரிமையைக் கோரியிருக்கிறார்கள். அத்தனை கடி நான் வாங்கியிருக்கிறேன் போல.

இந்த மாவட்டத்தில் ஒரு தலைமுறைக்கு நான் "பல்லு மிஸ்". சல்லிக் கிராமத்தில் என் வாகனம் திரும்பினால் பள்ளிக்கூடத்துப் பின்வேலியால் நாலு பேர் கடற்கரைக்கு ஓடுவார்கள். வள்ளத்துக்குள் ஒளிந்தவர்களையும் இழுத்துவந்து இருத்தியிருக்கிறேன். மீன்வலை தூக்குகிற ஆளாக வளர்ந்த பிறகும் என்னைக் கண்டால் வாயைப் பொத்துகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

அந்த வேலையில் நான் படித்த முதல் பாடம், பிள்ளையிடம் "நோகுதா?" என்று கேட்கக்கூடாது என்பது. கேட்டால் நூற்றுக்கு நூறு பேரும் "நோகேல்ல மிஸ்" என்பார்கள். நோகுது என்று சொன்னால் குறடு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே முதலில் வாயைத் திறக்கச் சொல்ல வேண்டும். கேள்வியெல்லாம் பிறகு.

ஓய்வு பெற்று லிங்கநகர் வீட்டில் சும்மா இருந்தபோது, தடுப்பில் இருக்கிறவர்களைப் போய்ப் பார்த்துவருகிற குழுவில் என்னைச் சேர்த்தார்கள். மாதம் ஒருமுறை போவோம். சாப்பாடு, தண்ணீர், மலசலகூடம், மருந்து எல்லாம் பார்ப்போம். பிறகு எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, காவலர்கள் பக்கத்தில் நிற்கக் கேட்போம்: "குறை ஏதும் இருக்கா?"

"இல்லை மிஸ்."

நான் கொப்பியில் எழுதுவேன்: குறைகள் எதுவும் இல்லை. கீழே கையொப்பம். என் கையொப்பம் அழகானது, அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

அந்தப் பிள்ளை அங்கே வந்து ஆறு கிழமை. முந்தின மாதமும் அந்த வரிசையில் நின்றிருக்கிறாள். "இல்லை மிஸ்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். நான் நம்பி, எழுதி, அழகாகக் கையொப்பம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் மத்தியானம் நித்திரை கொண்டேன். முப்பது வருடம் படித்த பாடத்தை மறியல் வாசலில் தொலைபேசியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

அக்காவின் துண்டு

"நான் இவவோட தனியக் கதைக்க வேணும்" என்றேன் சுமனாவிடம்.

"தனிய விட ஏலாது மிஸ்."

"நீங்கள் பாக்கிற தூரத்தில நில்லுங்கோ. கேக்கிற தூரத்தில நிக்க வேண்டாம்."

யோசித்தார். பிறகு தண்ணீர்த்தாங்கியடிக்குப் போய் எங்களைப் பார்த்தபடி நின்றார்.

வழக்கு சின்னதுதான். நகரத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றபோது சங்கிலியைக் காணவில்லை என்று பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்குச் சேரும்போது தாய் கொடுத்த பிறப்புச் சான்றிதழ் அந்த வீட்டில் இருந்திருக்கிறது. அது பொலிசுக்கும், அங்கிருந்து நீதிமன்றத்துக்கும் போய்விட்டது. அதில் பெயர் யதுர்சிகா, வயது பதினெட்டும் சில மாதங்களும். அதனால் சிறுவர்களுக்கு உரிய இடத்துக்கு அனுப்பாமல் பெரியவர்களோடு வைத்திருந்தார்கள்.

"உனக்கு எத்தினை வயசு?"

"பதினெட்டு மிஸ்."

"உண்மையாவோ?"

"பதினெட்டு மிஸ்."

"வீட்டில என்னெண்டு கூப்பிடுறவை?"

"சூட்டி."

"சூட்டி, நான் பல்லு மிஸ். வாய்க்குள்ள இருக்கிறதை எனக்கு ஒளிக்க ஏலாது. உனக்குப் பால்பல் ஆடுது."

நாக்கால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். என்னை அல்ல, மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அது என்ர பிறப்புத் துண்டு இல்லை மிஸ். அக்காட துண்டு."

"அக்கா எங்க?"

"இல்லை. நான் பிறக்க முதலே காய்ச்சல்ல போயிட்டாவாம், ஊர்ச்சனம் சொன்னது. எனக்கும் அதே பேர்தான் வைச்சவை." பிறகு அவசரமாக, "எழுதாதேங்கோ மிஸ். அம்மாவைப் பிடிச்சுப் போடுவினம். நான் இங்க இருப்பன். எனக்குப் பழகீற்றுது."

பழகிவிட்டது என்று பால்பல் விழாத பிள்ளை சொல்கிறது.

அவள் சொன்னதை அன்றைக்கு எழுதவில்லை. நான் கண்டதை மட்டும் எழுதினேன். ஏழாவது பல் பாதி முளைப்பு, மேல் இடப்பக்கம் பால்பல், இப்பிள்ளைக்குப் பதினெட்டு என்பதை நான் நம்பவில்லை, உடனே வயதுப் பரிசோதனை வேண்டும், மற்றவர்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

பிரித்து வைப்பது என்றால் ஒரு வெற்று அறை. அதைக் கேட்டதும் பிள்ளை ஜெஸீமா ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். சட்டம் சொல்வதும் சரி, பிள்ளை அழுவதும் சரி. கடைசியில் சுமனாதான் தீர்த்துவைத்தார். தன் மேசைக்கு முன்னால் ஒரு பாய் பிள்ளைக்கு, பக்கத்தில் ஒரு பாய் ராத்தாவுக்கு. "அங்கால ஒருத்தரும் வர ஏலாது மிஸ், நான் இருக்கிறன்" என்றார். கரண்டியையும் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"எந்தப் பக்கம்?"

சட்ட வைத்திய அதிகாரி தாடையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்குள் இருக்கலாம் என்று அபிப்பிராயம் எழுதினார். எனக்குத் துள்ளத் தோன்றியது. பிள்ளையின் வழக்குக்குப் பொறுப்பான நன்னடத்தை உத்தியோகத்தர் என்னை அடக்கினார். "இது அபிப்பிராயம் மிஸ். அங்கால இருக்கிறது அரசாங்கச் சான்றிதழ். அந்தத் துண்டு ஆருடையது எண்டு தாய் வந்து சொல்ல வேணும்." வழக்கு அடுத்த வியாழக்கிழமை.

நான் தாயைத் தேடி ஈச்சிலம்பற்றுக்குப் பஸ் ஏறினேன். கிண்ணியாப் பாலம், மூதூர், பிறகு வயல், வயல், வயல். இறங்கியபோது சேலைக்குள் புழுதி.

பிள்ளையின் தாய் யோகம் களை பிடுங்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. கதிரையைத் துடைத்து எனக்குப் போட்டுவிட்டுத் தான் நின்றுகொண்டார்.

"நீங்கள் பொலிஸ் ஆளா?"

"இல்லை. நான் பல்லுக்குப் பாக்கிறனான். உங்கட மகளைப் பாத்திட்டு வாறன். அவவுக்கு எத்தினை வயசு?"

"பதினெட்டு. துண்டில இருக்குதே."

"துண்டைக் கேக்கேல்ல. பெத்த உங்களைக் கேக்கிறன்."

"பதினெட்டுத்தான் மிஸ்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு கிழமையாய் ஒருதரமும் போய்ப் பார்க்கவில்லையே என்று கேட்டேன். ஒருநாள் வாசல்வரை வந்து, உள்ளே போனால் தன்னிடம் அடையாள அட்டை கேட்பார்கள், விபரம் கேட்பார்கள் என்று பயந்து திரும்பிவிட்டாராம். அதற்கும் ஏசினேன். இவ்வளவு தூரம் பஸ்ஸில் குலுங்கி வந்த ஆத்திரமும் அதில் சேர்ந்திருக்கும்.

"அங்க பெரிய பொம்பிளையளோட கிடக்கிறாள். அவளுக்கு இன்னும் ஒரு பால்பல் ஆடுது, தெரியுமோ உங்களுக்கு?"

யோகம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "எந்தப் பக்கம்?"

"மேல, இடப்பக்கம்."

"அது போன வருசமும் ஆடினது" என்றார். "நாக்கால தள்ளிக்கொண்டே திரிவாள். தள்ளாதை, பல்லு கோணி வரும் எண்டு ஏசுவன்." சேற்றுக்காலோடு நிலத்தில் இருந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

சண்டைக்காலத்தில் ஊரோடு வாகரைப் பக்கம் நடந்தபோது மூத்தவளுக்குக் காய்ச்சல். மூன்று வயது. போகிற வழியில் ஓரிடத்தில் புதைத்தார்கள். பிறகு தேடிப் போனபோது எது அந்த இடம் என்று தெரியவில்லை. தூக்கிவந்த பையில் மிஞ்சியது அவளுடைய பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அடுத்த வருடம் முகாமில் இவள் பிறந்தாள். பதிவதற்கு ஆளும் இல்லை, நினைவும் இல்லை. மூத்தவளின் பெயரையே வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது துண்டு கேட்டார்கள். இருந்த துண்டைக் கொடுத்தார். இடம்பெயர்ந்த பிள்ளைகள் பிந்திச் சேர்வது அப்போது வழமையாக இருந்ததால் ஒருவரும் தோண்டிக் கேட்கவில்லை. தகப்பனும் விட்டுப் போனபின் பிள்ளையை எட்டாம் வகுப்போடு நிறுத்தி வேலைக்கு அனுப்பினார். அந்த வீட்டார் பதினெட்டு ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். அதற்கும் அதே துண்டு.

"பிழைதான் மிஸ். பிள்ளையை வேலைக்கு விட்டது பெரிய பிழை. அதுக்கு என்னை மறியலில போடட்டும், நான் போறன்."

"அப்ப வந்து சொல்லுங்கோவன்."

"அதில்லை மிஸ்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "ஒவ்வொரு வருசமும் வகுப்பேறேக்க ரிப்போட் வரும். அதில பெரியவளின்ர பேர், பெரியவளின்ர பிறந்த திகதி. ரெண்டு பிள்ளையளும் படிக்கினம் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான். இப்ப நான் அங்க வந்து, என்ர வாயால அவள் செத்திட்டாள் எண்டு சொல்ல வேணும். இத்தினை வருசத்தில ஒருக்காலும் நான் அதைச் சொன்னதில்லை."

என் கோபம் போய்விட்டது. தேத்தண்ணி போட்டுத் தந்தார், குடித்தேன். எழும்பும்போது, "வியாழக்கிழமை ஒன்பது மணிக்குக் கோட்டில வழக்கு. முதல் பஸ்ஸில வந்தாச் சரி" என்றேன். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை

ஒன்பது மணிக்கு யோகம் இல்லை. ஒன்பதரைக்கும் இல்லை. நீதிமன்ற வாசலில் நின்று, வருகிற ஒவ்வொரு முச்சக்கரவண்டியையும் பார்த்தேன். எனக்குச் சாமி கும்பிடுகிற பழக்கம் குறைவு. அன்றைக்குக் கோணேசர் மலைப்பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டேன்.

வழக்குக்குப் பெயர் கூப்பிட்டார்கள். பிள்ளை கூண்டில் ஏறி நின்றாள். கன்னத்து வீக்கம் வற்றியிருந்தது. நன்னடத்தை உத்தியோகத்தர் தாயைக் காணவில்லை என்று சொல்ல வாயெடுக்க, பின் கதவடியில் ஒரு அசைவு. யோகம். பஸ் வழியில் பழுதாகி, மிச்ச தூரத்தை யாருடையதோ மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். தலை கலைந்து கிடந்தது.

யோகத்தைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி, சான்றிதழைக் காட்டச் சொன்னார் நீதிவான். "இது யாருடைய சான்றிதழ் அம்மா?"

"என்ர மூத்த மகளின்ர ஐயா."

"கூண்டில் நிற்பது?"

"இளையவள். அவளுக்குப் பதினாலு."

"அப்படியென்றால் மூத்த மகள் எங்கே?"

யோகம் சாட்சிக்கூண்டின் மரத்தைப் பிடித்துக்கொண்டார். நீதிவான் அவசரப்படுத்தவில்லை, அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

"செத்துப்போனா ஐயா" என்றார் யோகம். "மூண்டு வயசில. என்ர மடியில."

சூட்டி தாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் இதை இப்போதுதான் தாயின் வாயால் கேட்கிறாள்.

நீதிவான் தாயைக் கண்டித்தார், தண்டிக்கவில்லை. நன்னடத்தை உத்தியோகத்தரின் கண்காணிப்பில் பிள்ளையைத் தாயிடம் ஒப்படைத்தார். மூத்தவளின் இறப்பையும் இளையவளின் பிறப்பையும் சத்தியக்கடதாசி முடித்துப் பதிய வேண்டும், பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று உத்தரவிட்டார். சங்கிலி வழக்கு பிறகு சிறுவர்க்குரிய முறையில் நடந்து தள்ளுபடியானது.

வெளியே வந்ததும் யோகம் நீதிமன்ற எழுதுவினைஞரிடம் போய்க் கேட்டது ஒன்றுதான். "ஐயா, அந்தத் துண்டைத் திருப்பித் தருவீங்களோ? அது பெரியவளின்ர."

மூலப் பிரதி வழக்குக் கோவையில் இருக்க வேண்டும் என்றார் அவர். யோகத்தின் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, தானே எழும்பிப் போய் ஒரு போட்டோப் பிரதி எடுத்துவந்து கொடுத்தார்.

இப்போதும் மாதம் ஒருமுறை போகிறேன். வரிசையில் நிறுத்திக் கேட்கிற வழக்கத்தை நிற்பாட்டியாகிவிட்டது. ஒவ்வொருவராக வேப்பமரத்தடிக்கு வருவார்கள், சுமனா தண்ணீர்த்தாங்கியடியில் நிற்பார். நான் முதலில் கையைப் பார்ப்பேன், காலைப் பார்ப்பேன், வாயைத் திறக்கச் சொல்வேன். கேள்வியெல்லாம் பிறகு. "குறைகள் எதுவும் இல்லை" என்று எழுதுவதற்கு இப்போது என் பேனா இலேசில் போகாது.

மான்களுக்குப் பயந்து

வழக்கு முடிந்த அன்றைக்குப் பின்னேரம் தாயையும் மகளையும் பஸ் நிலையம்வரை கொண்டுபோய் விட்டேன். எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்கள் வழக்கம்போல அங்கே நின்று வாழைப்பழத் தோலையும் கடதாசியையும் மென்றுகொண்டிருந்தன. யோகம் அந்தப் போட்டோப் பிரதியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒரு மானை முழங்கையால் தள்ளினார். "போ அங்கால. இதைத் தின்ன விடமாட்டன்."

சூட்டி சிரித்தாள். மேல்வரிசையில் இடப்பக்கம் ஓட்டை.

"எப்ப விழுந்தது?" என்றேன்.

"முந்தநாள்." சட்டை நுனியில் முடிந்திருந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். ஜெஸீமா ராத்தா கொடுத்த பஞ்சுக்குள் பத்திரமாக இருந்தது பல்.

பல் விழுந்தால் கூரையில் எறிவது எங்கள் பிள்ளைகளின் வழக்கம். நான் பிடுங்கிய பால்பல்லைக்கூடப் பஞ்சில் சுற்றிக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவேன். "அங்கேயே எறிஞ்சிருக்கலாமே, எவ்வளவு பெரிய கூரை" என்றேன் பகிடியாக.

"ஐயோ, ஏலாது மிஸ். அந்தக் கூரையில எறிஞ்சா மற்றப் பல்லும் அங்க வைச்சுத்தான் முளைக்கும். வீட்டுக் கூரையிலதான் எறிவன்."

நான் சிரித்தேன். யோகமும் சிரித்துக்கொண்டு அந்தப் பல்லை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். அவர்களுடைய ஊர்ப்பக்கம் போகிற வெருகல் பஸ் வந்து நின்றது. பிள்ளை ஓடிப்போய் யன்னல் பக்கம் இடம் பிடித்தாள். யோகம் ஏறவில்லை. பல்லைத் திரும்பப் பஞ்சில் சுற்றிப் போட்டோப் பிரதியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"பெரியவளுக்கு ஒரு பல்லும் விழேல்ல மிஸ்."